குறைத்ததையே குறைத்தவள்

முன்னறையில் நாற்காலி ஒன்று படாரென்று பின்னால் சாய்ந்து விழுந்தது.

பின்னறையில் தன் கடைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. அண்ணன் கோபத்தில் எழுந்தால் நாற்காலி விழும். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டயர் கடையில் காலமெல்லாம் ரப்பரோடு மல்லுக்கட்டிய உடம்பு அவருடையது. எழுந்தாலும் சத்தம், உட்கார்ந்தாலும் சத்தம்.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இங்க வந்தே?" என்று அவர் குரல் சுவரைத் தாண்டி வந்தது. யாருக்கான கேள்வி அது என்று யோசிப்பதற்குள் அண்ணி உள்ளே வந்துவிட்டாள்.

"நாத்தனாரே, இஸ்திரி எல்லாம் அப்புறம். உன்னைத் தேடிக்கிட்டு மகாராணி வந்திருக்கா. ரோட்டுல பார்த்தா உன்னைத் தெரியாது, வீட்டுக்கு வந்தா மட்டும் தெரியும்போல!"

அந்தப் பெண். அண்ணன் மகனுக்குப் பேசி முடித்து, பிறகு வேண்டாம் என்று நிறுத்திய பெண். நிறுத்தக் காரணமாக இருந்தவள் இதோ, இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள்.

அவளை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். சும்மா உட்கார்ந்து சாப்பிட மனசு வராமல் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி துடைக்கச் சேர்ந்தாள். துடைத்துத் துடைத்தே தொழிலைக் கற்றுக்கொண்டு, கடைசியில் கான்டாக்ட் லென்ஸ் பிரிவையே தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். விரலைக் கண்ணருகே கொண்டுபோனாலே அலறுகிற பெண்களைக்கூட, "மேல பாரு கண்ணு, விரலைப் பார்க்காதே, கூரையில பல்லி இருக்கா பாரு" என்று பேச்சுக் கொடுத்தே லென்ஸ் போட வைத்துவிடுவாள். "இந்த ஊர்ல எல்லார் கண்ணுலயும் விரலை விட்டு ஆட்டுறவ எங்க நாத்தனார் ஒருத்திதான்" என்பது அண்ணியின் நிரந்தர நகைச்சுவை.

அவளுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. மூக்குக்கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது. லென்ஸோ கண்மணியோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் கண்ணாடிக்கு எழுதிய பவரை அப்படியே லென்ஸில் போட முடியாது. சின்ன பவர் என்றால் வித்தியாசம் தெரியாது. ஆனால் மைனஸ் ஏழு, எட்டு, பத்து என்று தூரப் பார்வை மோசமானவர்களுக்குக் கணக்குப் போட்டுக் குறைத்தாக வேண்டும். மற்றவர்கள் அதற்காகச் சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்ப்பார்கள். லென்ஸக்கா பார்க்க மாட்டாள். பத்து என்றால் ஒன்பது, ஒன்பது என்றால் எட்டு என்று வாயிலிருந்து தானாக வந்து விழும்.

அந்த வாய்தான் இப்போது வறண்டு கிடந்தது.

பெண் வீட்டுக்கு முதல்முறை போனபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கருவிழியைச் சுற்றி மெல்லிய ஒரு விளிம்பு. வேறு யார் கண்ணிலும் படாது, அவள் கண்ணில் படாமல் போகுமா? பெண்ணைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு கேட்டாள். "லென்ஸ் போட்டிருக்கேதானே? பயப்படாதே. பழைய லென்ஸ்போல, கண்ணு சிவந்து கிடக்கு. உங்கப்பாகிட்ட டாக்டர் சீட்டைக் கொடுத்து அனுப்பு, புதுசா நானே தர்றேன். எங்க அண்ணன்கிட்ட மூச்சு விட மாட்டேன்."

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. சோடாபுட்டிக் கண்ணாடியால் ஏற்கெனவே ஒரு இடம் தட்டிப்போயிருந்தது என்று பின்னால் தெரிந்தது. "அத்தை, இந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியின் சூட்டை லென்ஸக்கா பல நாள் மனசுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளை இல்லாத வயிறு, பாருங்கள். ஒரு 'அத்தை'க்கே உருகிவிடும்.

பெண்ணின் அப்பா சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். லென்ஸும் போனது. அதன்பின் ஒருநாள் சாயங்காலம், கடைக்கு எதிர்ச் சாரியில் அந்தப் பெண் போவதை லென்ஸக்கா பார்த்தாள். ஆசையாகக் கையைத் தூக்கி ஆட்டினாள். பெண் நேராக அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, போய்க்கொண்டே இருந்தாள்.

அந்த ஒரு கணத்தில் என்னென்னவோ பொங்கியது. நான் கொடுத்த லென்ஸைப் போட்டுக்கொண்டு என்னையே பார்க்காமல் போகிறாளா? காரியம் ஆகிற வரைக்கும்தான் அத்தையா? வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தாள். "என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா அண்ணா. தாலியறுத்தவளுக்கு என்ன மரியாதைன்னு நினைச்சுட்டா போல." மூஞ்சியைத் திருப்பியதாகச் சொன்னது அவளாகச் சேர்த்துக்கொண்டது. அழுகையோடு வந்ததால் அண்ணன் அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். மறுநாளே பேச்சு முறிந்தது. அண்ணன் மகன் அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அவனும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் 'திமிர் பிடித்தவள்' என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

"வர்றியா, இல்லே நான் போய் அனுப்பிடட்டுமா?" என்றாள் அண்ணி.

லென்ஸக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நடந்தாள். முன்னறை நீளமான அறை. அதன் உள்வாசலில், ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றாள். தெருக்கதவோரம் நின்றிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். இமைகளை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம் அத்தையைக் கூப்பிடுறீங்களா? அவங்ககிட்டதான் பேசணும்" என்று லென்ஸக்காவிடமே கேட்டாள்.

அண்ணன் இடிபோலச் சிரித்தார். "கேட்டியா? எதிர்ல நிக்கிறவளையே தெரியாத மாதிரி நடிப்பு! என் வீட்டுக்குள்ளேயே என் தங்கச்சிக்கு அவமானம்!"

லென்ஸக்காவின் பார்வை பெண்ணின் கண்களை விட்டு நகரவில்லை. அந்த இமை இடுக்கல்! வாழ்நாள் முழுக்கக் கடையில் பார்த்த இடுக்கல். பவர் பற்றாதவர்கள் எல்லோரும் செய்வது. அது நடிப்பில்லை என்று குருடனும் சொல்லிவிடுவான். கண்ணையே தொழிலாகக் கொண்டவளுக்கு, அன்றைக்கு ரோட்டில் ஏன் அது தோன்றவில்லை? 'அவளுக்குத் தெரியவில்லையோ' என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நினைத்துப் பார்க்கக்கூட மனசு வரவில்லையே!

கைப்பை ஆணியில் தொங்கியது. உறவுக்காரர்கள் போகிற இடமெல்லாம் 'என் பவர் ஏறிடுச்சா பாரேன்' என்று பிடித்துக்கொள்வதால், சோதனைக்கு வைக்கிற வட்டக் கண்ணாடிகள் சில எப்போதும் அதில் கிடக்கும். மைனஸ் ஒன்று பவர் உள்ளதை எடுத்துக்கொண்டு பெண்ணின் பக்கத்தில் போனாள்.

"அத்தை!" என்றாள் பெண், அவள் கிட்டே வந்த பிறகு. "நீங்கதானா அது? வெளிச்சத்துல தெரியலை..."

"லென்ஸ் போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டாள் லென்ஸக்கா, அண்ணன் எதிரிலேயே.

பெண் திடுக்கிட்டாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள். "நீங்க கொடுத்ததுதான்."

"ஒரு கண்ணை மூடிக்கோ. இந்தக் கண்ணுல இதைப் பிடி. சுவத்துல காலண்டர் தெரியுதா?"

பெண் பிடித்தாள். வாயைப் பிளந்தாள். "அட, கப்பல்! நான் இவ்வளவு நேரம் பூச்சாடின்னு நினைச்சுட்டிருந்தேன்!"

"என்ன வித்தை காட்டுறீங்க ரெண்டு பேரும்?" என்று அண்ணன் உறுமினார்.

பெண் வட்டக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகம் வாடிவிட்டது. "எனக்குப் பவர் இன்னும் ஏறிடுச்சுபோல அத்தை. அச்சகத்துல நாளெல்லாம் மெய்ப்புப் பார்க்கிறேன், கிட்டத்துல எழுத்து நல்லாத் தெரியுது. தூரம்தான் ஒரே மங்கல். கண்ணாடியைத் தொட்டே பல நாளாச்சு, அதுல போட்டுப் பார்க்கவும் தோணலை. நீங்க ஆசையாக் கொடுத்த லென்ஸ், அதுல தப்பு இருக்காது. என் கண்ணுதான் மோசமாயிடுச்சு, எப்படிச் சொல்றதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டு..."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். பெண்ணின் கண் மேல் பழி போகும். அவள் ஏற்கெனவே அதைச் சுமக்கத் தயாராக நிற்கிறாள். லென்ஸக்காவின் நாக்கு அந்த ஆமாமை நோக்கி நகர்ந்ததை அவளே உணர்ந்தாள். உணர்ந்ததும் உடம்பெல்லாம் கூசியது.

"உன் கண்ணாடி பவர் எவ்வளவு?"

"பத்து" என்றாள் பெண், குரலே எழாமல்.

"உங்கப்பா கொடுத்த சீட்டுல ஒன்பதுன்னு இருந்துச்சே?"

"அது லென்ஸுக்குன்னு டாக்டரே குறைச்சு எழுதினது அத்தை. ஓரத்துல 'லென்ஸ் பவர்'னு எழுதியும் இருந்தாரே."

ஓரத்தில். பொடி எழுத்தில். லென்ஸக்காவுக்குக் கிட்டத்து எழுத்து தெரியாமல் போய்ச் சில காலமாகிறது. படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கி, கைப்பையின் அடியில், துணிக்குள் சுற்றி வைத்திருக்கிறாள். கல்லாவில் நின்று அதைப் போட்டால் 'லென்ஸக்காவுக்கே கண்ணு போச்சு' என்று சிரிப்பார்களே என்று வெட்கம். பெரிதாக எழுதிய ஒன்பதை மட்டும் பார்த்தாள். ஒன்பது என்றால் எட்டு என்று வாய் சொன்னது, கை எடுத்துக் கொடுத்தது. யாராக இருந்தாலும் எதிரில் உட்கார வைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லாமல் அனுப்ப மாட்டாள். இது ரகசியம், இது அன்பளிப்பு என்று அதையும் விட்டுவிட்டாள்.

"அண்ணா" என்றாள். "டாக்டர் குறைச்சு எழுதினதை நான் திரும்பவும் குறைச்சுட்டேன். இவ கண்ணுல தப்பில்லை, குணத்துலயும் தப்பில்லை. அன்னிக்கு இவளுக்கு என்னைத் தெரியவே இல்லை. நான்தான் அவ கண்ணை மறைச்சேன், நான்தான் அவளைத் திமிர் பிடிச்சவள்னும் சொன்னேன்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் எதைப் பார்த்தாலும் கேலி பேசிய வாய் அது.

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்னு சொன்னியே?" என்றார் அண்ணன்.

லென்ஸக்கா தரையைப் பார்த்தாள். "அதுவும்... இல்லைண்ணா. நானாச் சொன்னது."

அண்ணன் தங்கையைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெண்ணிடம் திரும்பினார். "உட்காரும்மா. தெரியாம நடந்துபோச்சு. பெரியவன் நானும் அவசரப்பட்டுட்டேன். பழையபடி பேச்சை ஆரம்பிச்சுடலாம். என்ன சொல்றே?"

பெண் தன் கைப்பையைத் திறந்தாள். சிறிய டப்பாவைத் திறந்து மேசை மேல் வைத்தாள். விரல் நுனியால் ஒரு கண்ணிலிருந்தும் மறு கண்ணிலிருந்தும் லென்ஸை எடுத்து அதில் போட்டாள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கெட்டிக் கண்ணாடி. அதற்குப் பின்னால் அவள் கண்கள் சின்னதாக, தூரத்தில் எங்கோ இருப்பவைபோலத் தெரிந்தன. அந்தக் கண்களால் மூன்று பேரையும் ஒவ்வொருவராக, நிதானமாகப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் மாமா நான். இதை மறைச்சது என் தப்பு. நான் திமிர் பிடிச்சவ இல்லைன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அதை அத்தையே சொல்லிட்டாங்க. பேச்சை ஆரம்பிக்க வேண்டாம்."

"ஏம்மா?"

"உங்க பையன் ஒரு போன் போட்டு, 'ஏன் பார்க்காமப் போனே'ன்னு கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அவர் கேக்கலை. யாருமே கேக்கலை."

லென்ஸக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள். பாதியிலேயே கை இறங்கிவிட்டது. "என்னை மன்னிச்சுடும்மா. சரியான பவர்ல வேற லென்ஸ் நான்..."

"பவர் தப்பாப் போனதுல எனக்கு வருத்தமே இல்லை அத்தை. யாருக்கும் நடக்கும். நான் உங்களைப் பார்த்துட்டு வேணும்னே போவேன்னு நினைச்சீங்க பாருங்க. உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதவ நான்."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. விழுந்து கிடந்த நாற்காலி வழியை மறித்தது. குனிந்து அதை நிமிர்த்தி, சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள். அதைக்கூட அந்த வீட்டில் யாரும் இதுவரை செய்திருக்கவில்லை.

படியில் ஒரு முறை நின்று திரும்பிப் பார்த்தாள். லென்ஸக்கா தன்னையறியாமல் கையைத் தூக்கினாள், அன்றைக்கு ரோட்டில் தூக்கியதுபோலவே. இந்த முறை அந்தப் பெண்ணுக்குக் கை நன்றாகத் தெரிந்தது. அவள் தலையை லேசாக அசைத்தாள். பெரியவர்களுக்குத் தருகிற மரியாதை, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பிறகு கதவை அவளே சாத்திக்கொண்டு போனாள், சத்தமே வராமல்.