வியாழக்கிழமை டியூஷன்

ஓமத்தண்ணீரின் நெடி மூக்கில் ஏறினால் போதும், விடிந்தும் விடியாத ஒரு பள்ளி நாளும், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டுச் சமையலறையும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சுருண்டிருந்த பதினொரு வயதுப் பெண்ணும் ஒன்றாகத் திரும்பி வந்துவிடுவார்கள். தொடக்கநிலை ஆறில் படித்த அந்த ஒரே ஆண்டில் நான் குடித்த ஓமத்தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மீன் தொட்டியை நிரப்பியிருக்கலாம். காலை ஆறு மணிக்கு வலி வரும். பள்ளிப் பேருந்து கிளம்பிப் போய்விட்டது என்று தெரிந்ததும் நின்றுவிடும். சனி ஞாயிறுகளில் எட்டிக்கூடப் பார்க்காது.

இப்படி ஒழுங்காக விடுமுறை எடுத்துக்கொள்ளும் வலியை யார்தான் நம்புவார்கள்? அம்மா நம்பினார். பேருந்து ஓட்டுநரான அப்பா, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கிளினிக்கில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு 'எம்சி' என்ற விடுப்புச் சான்று எழுதிக் கொடுத்தார். புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, "எல்லாம் கண்ணுதான்" என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். வீடே இருமியது. வலி மட்டும் மறுநாள் காலை ஆறு மணிக்குச் சரியாக வந்து நின்றது.

உண்மையில் எனக்கு இருந்தது பயம். 'பி.எஸ்.எல்.இ' என்ற தொடக்கநிலை இறுதித் தேர்வில் கோட்டை விட்டுவிடுவேன் என்று தொடங்கிய அது, ஆசிரியர் என் பெயரைக் கூப்பிடுவார், வாயைத் திறந்தால் குரல் வராது, நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வளர்ந்து, கடைசியில் எதற்கென்றே தெரியாமல் நெஞ்சு படபடக்கும் அளவுக்குப் போய்விட்டது. அதைச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. வயிற்று வலி என்ற வார்த்தை தெரிந்திருந்தது, அதைச் சொன்னேன்.

என் வகுப்பாசிரியர்தான் அம்மாவை அழைத்து, பிள்ளைகளின் மனப் பதற்றத்துக்கு உதவும் ஆலோசகர் ஒருவர் தேக்கா கடைத்தெருவில் இருக்கிறார், வியாழக்கிழமைதோறும் கூட்டிப் போய்ப் பாருங்கள் என்றார். அன்று வீட்டுக்கு வந்த அம்மா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பொம்பளப் பிள்ளைங்க. பைத்தியம்னு பேரு கட்டிட்டாங்கன்னா என்னா பண்றது? அதுவும் உங்கக்காவுக்குத் தெரிஞ்சா, கடல் தாண்டி ஜொகூர் வரைக்கும் தெரிஞ்சிரும்."

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரு கேட்டாலும் டியூஷன்னு சொல்லிரு லா" என்றார்.

சிங்கப்பூரில் ஒரு பிள்ளை எங்கே போகிறது என்ற கேள்விக்கு இதைவிடச் சந்தேகமற்ற பதில் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. அம்மா அதற்கென்றே ஒரு நீலப் பை வாங்கினார். அதில் மூன்று தடித்த 'அசெஸ்மென்ட்' பயிற்சிப் புத்தகங்களை, மின்தூக்கியில் யார் பார்த்தாலும் தெரியும்படி, முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு அடுக்குவார். அந்தப் புத்தகங்களில் ஒரு பக்கத்தைக்கூட நான் திருப்பியதில்லை. ஆனால் ஈசூனிலிருந்து தேக்கா வரை, வாரம் தவறாமல், அவற்றைத் தோள் வலிக்கச் சுமந்தேன்.

பூக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே ஒரு குறுகிய படிக்கட்டு. மேலே இரண்டு அறைகள், ஒரு மீன் தொட்டி, தரையில் பெரிய மெத்துமெத்தென்ற இருக்கைகள். அந்த ஆலோசகர், மிஸ் ஜரீனா, அங்கேதான் இருந்தார். அறிவுரை ஏதும் சொல்வார் என்று பயந்துகொண்டு போனேன், அவரோ மேசை இழுப்பறையிலிருந்து 'கச்சாங் பூத்தே' வறுகடலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டி, "வயித்துல எந்த இடம்? வரைஞ்சு காட்டுறியா?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் 'கவலை நேரம்' என்று ஒன்றைக் கொடுத்தார். தினமும் மாலை ஆறரையிலிருந்து ஆறே முக்கால் வரை உட்கார்ந்து கவலைப்படுவது மட்டும்தான் வேலை. மற்ற நேரத்தில் கவலை வந்தால், ஆறரைக்கு வா என்று அதை அனுப்பிவிட வேண்டும்.

அம்மா முட்டை வேகவைக்கும் மணிக்கருவியைத் திருகி வைப்பார். காலை 'ஷிஃப்ட்' முடித்து வந்த அப்பாவும் என்னோடு வந்து உட்காருவார். சில நாட்களில், பகலெல்லாம் துரத்திய கவலை ஆறரைக்கு வரச்சொன்னால் வராது. அப்போது அப்பா, "சரி, என்னோடத சொல்றேன். புது ரூட் குடுத்திருக்காங்க. நாளைக்கு ஒரு ஸ்டாப்ப மறந்துட்டுப் போயிட்டேன்னு வையி, ஒரு ஆண்டி குடையாலயே அடிக்கும்" என்பார். பெரியவர்களுக்கும் பயம் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை அப்பாவிடம் நான் சொன்னதே இல்லை.

பள்ளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனேன். முதலில் வாசல் வரை, பிறகு உணவகம் வரை, பிறகு முதல் பாடவேளை வரை. ஜூன் விடுமுறைக்குள் வாரத்துக்கு நான்கு நாள் போகத் தொடங்கியிருந்தேன். வகுப்பில் உட்கார்ந்ததால் மதிப்பெண்ணும் ஏறியது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அத்தை மகன் கபிலனின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். என்னைவிட ஒரு வயது இளையவன். கேக் வெட்டும்போது வியர்வையில் அவனுடைய இடது புருவம் கறுப்பாகக் கன்னத்தில் வழிந்திருந்தது. நான் சிரித்துவிட்டேன். அத்தை சட்டென்று சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்து, "ஸ்கூல் கான்செர்ட் மேக்கப், போகமாட்டேங்குது" என்று உள்ளே இழுத்துப் போனார். திரும்பி வந்ததும் பேச்சை மாற்றி, அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"வள்ளி, ஷாமினி மார்க் இப்படி ஏறியிருக்கே, எந்த டியூஷன் லா அது?"

"சின்ன இடம் அண்ணி. இப்ப ஃபுல்லா இருக்காம்."

இடமில்லாத டியூஷன் என்றால் நல்ல டியூஷன் என்று நம் ஊரில் அர்த்தம். அம்மா செய்த தவறு அதுதான். இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, நாங்கள் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தபோது, படிக்கட்டில் மூச்சிரைத்தபடி அத்தை ஏறி வந்தார். முந்தைய வாரம் பூ வாங்க வந்தவர் நாங்கள் மேலே போவதைப் பார்த்திருக்கிறார். ஒரு கையில் கபிலன். மறுகையில் அவனுடைய 'ரிப்போர்ட் புக்'கும் சேர்க்கைக்கான இரண்டு புகைப்படங்களும்.

"மறைக்கப் பாத்தியா வள்ளி?" என்று சிரித்தவர், அறையைச் சுற்றிப் பார்த்தார். "என்னா சென்டர் இது? ஒரு போர்டுகூடக் காணோம். எல்லா மேசையிலயும் டிஷ்யூ பெட்டி வச்சிருக்காங்க?"

அம்மாவின் கை என் கையை இறுக்கியது. எனக்காக இத்தனை மாதம் பொய் சொல்லிச் சொல்லி அவருக்குத்தான் வயிறு வலிக்க ஆரம்பித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த பொய்யை அவர் தேடி எடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இது டியூஷன் இல்ல அத்தை" என்றேன். "எனக்கு ரொம்பப் பயம் வரும். அதுக்குத்தான் இங்க வர்றேன்."

சொல்லிவிட்டு வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

அத்தை என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு மெத்து இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்து, பக்கத்து மேசையிலிருந்து டிஷ்யூ ஒன்றை உருவிக்கொண்டு, "இவன் புருவத்த ஒவ்வொரு முடியா பிச்சுக்கிறான் வள்ளி" என்றார். "டெஸ்ட்டுன்னா போதும். தினமும் காலையில நான்தான் மை பென்சில்ல வரைஞ்சு அனுப்புறேன். இவங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. இவனையும் இங்க சேத்துக்குவாங்களா?"

அம்மா அழுதார், அத்தையும் அழுதார். நானும் கபிலனும் என்ன செய்வதென்று தெரியாமல் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவன் மெதுவாக, "இங்க மேத்ஸ் செய்ய வேணாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து ஒன்றாகப் போனோம், அவனும் ஒரு பையோடு.

அந்தப் படிக்கட்டு இப்போது இல்லை. கீழேயும் மேலேயும் ஒரே கைத்தொலைபேசிக் கடை. மிஸ் ஜரீனா ஓய்வு பெற்றுவிட்டார். தேர்வில் நான் எடுத்த மதிப்பெண் எனக்கே மறந்துவிட்டது. கபிலனின் புருவம் அடர்த்தியாக, அவன் மனைவி கிண்டல் செய்யும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. வலி எனக்கு எப்போதாவது வரும். ஆறரைக்கு வா என்பேன்.

சென்ற தீபாவளிக்கு அத்தை வீட்டில் இருபது பேர் கூடியிருந்தோம். வியாழக்கிழமை பிள்ளைகளையெல்லாம் விலங்குத் தோட்டத்துக்கு அழைத்துப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். என் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அவளுக்கும் காலையில் வயிறு வலித்துவந்தது. அவளுக்கு டியூஷன் இருக்கிறது என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்துவிட்டது. நான்தான், இத்தனையும் தெரிந்த நான்தான். அதற்குள் அவள் வாயில் முறுக்கோடு, "வியாழக்கிழமை முடியாது, நான் கவுன்சலர் மிஸ்ஸப் பாக்கணும்" என்றாள்.

யாரும் மெல்லுவதை நிறுத்தவில்லை. அத்தை மட்டும், "எத்தன மணிக்கு? நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

வியாழக்கிழமை சொன்னபடி வந்தார். யாழினி பழக்கத்தில் பள்ளிப்பையைத் தோளில் மாட்டினாள். அத்தை குனிந்து அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பையெல்லாம் வேணாம்மா. கைய வீசிட்டு வா."