கரண்ட் பெல்ட்

எங்கள் நாய்க்குப் பைக் சத்தம் ஆகாது. வீட்டுக்குள் சாதுவாகத்தான் இருக்கும். தெருவில் யாராவது வண்டியை முறுக்கினால் போதும், திறந்த கேட் வழியாகப் பாய்ந்துவிடும். படப்பையில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த மனைப்பிரிவில் பாதிப் பேர் ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள். விடிந்தால் தெரு முழுக்க வண்டிதான்.

அப்படி ஒரு காலையில் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த பெண் விழுந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், செல்போன் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஸ்கூட்டியில் போனவளின் காலைப் பார்த்து நாய் ஓடியது. அவள் பயத்தில் காலைத் தூக்க, வண்டி சரிந்தது. முழங்கால் கிழிந்து ரத்தம். நான் ஓடிப்போய்த் தூக்கி, வீட்டுக்குக் கூட்டிவந்து மருந்து போட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. இந்தத் தெருமுனை வந்தாலே பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நாயை அடக்குங்கள், முடியாவிட்டால் எங்கேயாவது கொண்டுபோய் விடுங்கள் என்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. என் கணவர் நாயை இழுத்து அணைத்துக்கொண்டார். கம்பெனி பார்க்கிங்கில் மழையில் நனைந்து கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தவர் அவர்.

மறுநாளே குன்றத்தூரில் நாய் பழக்குகிறவர் ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு, கரண்ட் பெல்ட்டோடு வந்தார். பார்க்கச் சாதாரணக் கழுத்துப் பெல்ட் போலத்தான் இருந்தது. உள்பக்கம் மட்டும் இரண்டு உலோக முனைகள் தோலைத் தொடும்படி நீட்டிக்கொண்டிருந்தன. கையில் ஒரு ரிமோட். பட்டனை அழுத்தினால் நாய்க்கு ஷாக் அடிக்கும். வலியே இருக்காது, சும்மா தட்டிக் கூப்பிடுவது மாதிரிதான் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை.

"எதுக்கு வலிக்குதுன்னு அதுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டேன்.

"ரோட்ல கன்டெய்னர் லாரி ஏறுனா மட்டும் வலிக்காதா? செத்துப் போறதுக்கு இது மேலு. இல்லன்னா இன்னா பண்லாம், நீயே சொல்லு" என்றார்.

நான் நாயைப் பிடித்துக்கொண்டேன். பெல்ட்டைக் கட்டினோம்.

வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் தடவை நாய் வீறிட்டுக் கத்தியபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஆனால் ஒரு வாரத்தில் எத்தனை வண்டி போனாலும் அது கேட்டுக்குள்ளேயே நின்றது. தெருக்காரர்கள் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். என் கணவருக்கு நிம்மதி. நான்தான் நாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பாக்கெட்டில் கை விட்டால் அதன் வால் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டது. சாவியை எடுக்கிறாரா, ரிமோட்டை எடுக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. இதைச் சொன்னபோது, பயம் இருந்தால்தான் அடங்கும் என்றார். அதன்பிறகு வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டையில் முடிந்தது.

ஒரு சாயங்காலம் அந்தப் பெண் ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியைக் கொடுக்க எங்கள் கேட்டருகே ஸ்கூட்டியை நிறுத்தினாள். அவளும் பயத்தைக் கொஞ்சம் விட்டிருந்தாள். கேட் திறந்திருந்தது. நாய் எழுந்து மெதுவாக அவளிடம் போனது. அது முகர்ந்து பார்க்க, அவள் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். நாயின் மூக்கு அவள் விரலைத் தொட்டதை நான் பார்த்தேன்.

மொட்டை மாடியில் நின்றிருந்த என் கணவருக்கு, வண்டியை நோக்கிப் போகிற நாய்தான் தெரிந்தது. ரிமோட்டை அழுத்திவிட்டார்.

நாய் துள்ளியது. அடுத்த கணம் அவள் முன்கை அதன் வாயில் இருந்தது. நான் கத்திக்கொண்டு அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். கருப்பட்டி தெருவெல்லாம் சிதறியது.

ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, மறுபடி எப்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். இன்னும் முன்னாடியே அமுக்கியிருக்க வேண்டும் என்று என் கணவர் தனக்குள் சொல்வது போலச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"அண்ணே, அது வாலாட்டிக்கிட்டுத்தான வந்துச்சு. நீங்க அமுக்குனது அதுக்குத் தெரியாதுல்லா. நாந்தான் ஏதோ செஞ்சிட்டேன்னு நெனச்சிருக்கும்."

அவர் முகம் வெளிறிப்போனது. வீடு வந்ததும் பெல்ட்டைக் கழற்றினார். நாய் அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முனைகள் அழுத்திய இடத்தில் தோல் புண்ணாகியிருந்தது.

தெருக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்த முறை பேச்சு காரமாகவே இருந்தது. கட்டுப்போட்ட கையோடு அவளும் இறங்கி வந்தாள். நாயை எங்கேயும் கொண்டுபோய் விடச் சொல்லவில்லை. கயிறு இல்லாமல் வெளியே விடக் கூடாது, அந்தப் பெல்ட்டை மறுபடி மாட்டக் கூடாது என்றாள். நாய் பழகும்வரை உங்கள் கேட்டைத் தாண்டிப் போக மாட்டேன் என்று, சுற்றிப் போகும் தெருவைக் காட்டினாள். கடிபட்டவளே சொன்னதால் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

காலி மனையில் கயிற்றோடு நான் பழக்க ஆரம்பித்தேன். தூரத்தில் வண்டி போகும்போது திரும்பி என்னைப் பார்த்தால் வேகவைத்த கோழித் துண்டு. மாதக்கணக்கில் இழுத்த வேலை அது. நல்ல மாற்றம் தெரிந்தது.

அப்படியிருக்க, ஒருநாள் காஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். நாய் ஒரு பைக்கைத் துரத்திக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடியது. நான் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. வாலாஜாபாத் போகிற லாரி ஒன்று பிரேக் அடித்த சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாய் ரோட்டோரப் புழுதியில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தது. அடிபடவில்லை.

விஷயம் தெரிந்து என் கணவர் அலமாரியிலிருந்து பெல்ட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். கத்தவில்லை.

"இப்ப இன்னா சொல்ற?"

அவர் கேட்பதில் நியாயம் இருந்தது, அது எனக்குத் தெரிந்தது.

"வாணாங்க" என்றேன். பெல்ட்டை அவர் பக்கமே தள்ளினேன்.

மறுநாள் அவர் வெல்டரைக் கூட்டிவந்து, கேட் தானாகச் சாத்திக்கொள்ளும்படி ஸ்பிரிங் வைத்தார். மேலே இன்னொரு தாழ்ப்பாளும் போட்டார். நான் செய்தது சரி என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலி மனைக்குப் போவது இப்போது அவர்தான்.