உட்கார முடியாத அப்பா

சுடச்சுட வதக்கிய நொச்சி இலையின் வாசம் எங்கள் வீட்டுப் புல்கூரையில் ஏறி, மழைக்காலத்தில்கூடப் போகாமல் தங்கியிருந்தது. அந்த இலையைத் துணியில் முடிந்து அம்மா அப்பாவின் இடுப்பில் ஒத்தடம் கொடுப்பாள். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம் அது. கொல்லிமலைக்கு அப்போது வண்டிப்பாதை கிடையாது. மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா ஒற்றையடிப் பாதையில் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குவார். ஒரு மழைநாளில் பாறையில் கால் வழுக்கி, விழாமலிருக்க உடம்பை முறுக்கி நின்றபோது, இடுப்புக்குள் ஏதோ "மளுக்"கென்றதாம். அவரும் விழவில்லை, மூட்டையும் சிந்தவில்லை. ஆனால் அன்று பிடித்த வலி பிறகு அவரை விடவேயில்லை.

ஏழெட்டு வயதுப் பெண்ணான எனக்கு அந்த வலி பெரும் புதிராக இருந்தது. முள் குத்தினால் முள் தெரியும். தேள் கொட்டினால் வீங்கும். அப்பாவின் முதுகிலோ ஒரு கன்றல்கூட இல்லை. அதிலும், பிடித்துக்கொண்டது இடுப்பில், எரிந்ததோ கெண்டைக்கால். அவர் குப்புறப் படுத்திருக்கும்போது முதுகில் விரலால் அமுக்கிக்கொண்டே போவேன்.

"இங்கயாப்பா?"

"இல்ல கண்ணு, இன்னுங் கொஞ்சம் கீழ. அங்கிருந்து கால் சுண்டுவிரல் வரைக்கும் இழுக்குது."

ஒருநாள் அந்த இடத்தில் காதை வைத்துக் கேட்டேன். "உள்ள என்ன பேசுது?" என்றார். "வயித்துல களி செரிக்கிற சத்தந்தான் கேக்குது" என்றேன். சிரித்தார், சிரித்ததும் வலி பிடித்திழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டார். தும்மினாலும் அப்படித்தான். தும்மலுக்கும் காலுக்கும் என்ன உறவு என்று ஆடு மேய்க்கும் நேரமெல்லாம் யோசித்திருக்கிறேன்.

நிற்பார், நடப்பார், படுப்பார். உட்கார மட்டும் முடியாது. தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிடுவார். ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் பலாமரத்தில் சாய்ந்து நிற்பார். "நல்லாத்தான நிக்கிறான், மூட்டை தூக்கச் சொன்னா மட்டும் இடுப்பு புடிச்சுக்குதா?" என்று காதுபடவே பேசினார்கள். மூட்டைகளை அம்மா சுமக்கத் தொடங்கினாள்.

காளப்பநாயக்கன்பட்டிக்கு ஒரு டாக்டர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அப்பா வழியெல்லாம் படுத்துப் படுத்து எழுந்து வர, மூவரும் மலையிறங்கிப் போனோம். டாக்டர் அப்பாவைப் பெஞ்சில் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலைத் தூக்கினார். வலியில்லாத அந்தக் கால் சுலபமாக மேலே போயிற்று. வலிக்கும் காலைக் கொஞ்சம் தூக்கியதுமே அப்பா துடித்துப்போனார்.

"கால்ல ஒண்ணுமில்லைங்க. முதுகெலும்புக்கிட்ட நரம்பு நசுங்குது. பாரம் தூக்காதீங்க. குறையும், கூடும், அதோட பழகிக்கணும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கேட்டியா சாமி, பொய்யில்லையாம்" என்றார். ஊரார் பேச்சில் அவருக்கே சந்தேகம் வந்திருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. அதன்பின் ஊரில் அகப்பட்டவர்களையெல்லாம் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் ஆட்டைக்கூட விடவில்லை.

அடுத்த தையில் அத்தை மகள் பொன்னிக்குக் கல்யாணம். தாய்மாமன் மணப்பெண்ணின் பக்கத்தில் மணையில் உட்கார்ந்து மாலை போடுவது எங்கள் வழக்கம். முதல்நாளே அத்தை வந்து அப்பாவிடம் கெஞ்சினாள். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க தப்பா நெனச்சுக்குவாங்கண்ணா. கொஞ்ச நேரம் உக்காந்துருங்க."

"பாக்கறேன் அம்மிணி" என்றார் அப்பா.

"உக்காந்தா என்னப்பா ஆகும்?" என்று கேட்டேன். "எந்திரிக்க முடியாது கண்ணு."

மறுநாள் மாலையோடு மணைக்கருகே போய்க் குனிந்தார். பாதி குனிந்ததுமே கால் சுண்டியிழுக்க, நிமிர்ந்துவிட்டார். மறுபடி முயன்றார். மாப்பிள்ளையின் தகப்பனார் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏனுங்க, மாமனுக்கு நாங்க போட்ட மணை பத்தலைங்களா?" என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பொன்னி சட்டென்று எழுந்தாள். "எங்க மாமனுக்கு உக்கார முடியாதுங்க. அவுரு நின்னே போடட்டும், நானும் நின்னுக்கறேன்" என்றாள். பிறகு அவள் உட்காரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மாப்பிள்ளையும் எழுந்துவிட்டார். அப்பா நின்றபடியே மாலையைப் போட்டு, அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கையை எடுக்க அவருக்கு வெகுநேரமாயிற்று.

பந்தியில் அந்தத் தகப்பனார் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் உயரமான ஒரு மர உரலைத் தானே உருட்டிவந்து கவிழ்த்து, அதன்மேல் அப்பாவின் இலையைப் போட்டுவிட்டுப் போனார்.

வலி குறைந்தும் கூடியும் அப்பாவோடேயே இருந்து, அவரோடுதான் போயிற்று. முதுகெலும்பு வில்லை நழுவுவதைச் சொல்லும் "டிஸ்க்" என்ற சொல்லை நான் கேட்டது அதற்கும் பல வருஷங்கள் கழித்து. இப்போது மலைமேல் பஸ் ஏறுகிறது. மூட்டை சுமந்து இறங்கிய பாதையைப் புதர் மூடிவிட்டது. சென்றமுறை போனபோது ஊர்க்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. சிலர் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் நின்றிருந்தார்கள். நிற்பவர்களை யாரும் ஏசவில்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று யாரும் கேட்கவுமில்லை.