கயிறு இல்லாத வண்டி

வீட்டில் ஐந்து குழந்தைகளுக்கு மழலையர் வகுப்பு நடத்துகிறேன். அந்த வாரத் தலைப்பு வாகனங்கள். ஐந்து நாளையும் ரயிலுக்கே ஒதுக்கி அட்டவணை போட்டிருந்தேன். இரண்டே நாளில் குழந்தைகள் சலித்துவிட்டார்கள். "இவ நாளைக்கும் அழுதா வகுப்ப நிறுத்திடுறேன் மிஸ்" என்றார் ஒருத்தியின் அம்மா.

அன்று மாலை அட்டவணையும் கையுமாக எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் படகேறினேன். அங்கே படகைக் கயிற்றால் கட்டி நிறுத்தும் ஊழியர் ஒருவர். வெயிலில் வெளுத்த நீலச் சட்டை, உப்புப் படிந்த புருவம். ஏறுகிற எல்லோருக்கும், துள்ளி ஏறும் இளைஞர்களுக்கும்கூட, கை நீட்டி "சம்பால்கே, பாத்து ஏறுங்க" என்பார். என் தாளை எட்டிப் பார்த்தார்.

"ரயிலா மேடம்? இங்க எந்த ஸ்டேஷன்ல ஏறப்போறீங்க?"

"படத்துலதான் அண்ணா."

"எம் பொண்ணு மெயின்லேண்ட்ல ரயிலப் பாத்துட்டு, 'அப்பா, இத எங்க கட்டி நிறுத்துவாங்க?'ன்னு கேட்டா. கயிறு இல்லாத வண்டிய அவ பாத்ததில்ல."

படகிலேயே அட்டவணையைத் திருத்தினேன். மறுநாள் நாற்காலிகள் படகாயின, என் துப்பட்டா கயிறானது. மதியம் கூட்டிப் போக வந்த அம்மாவிடம் அந்தச் சிறுமி, "படகு இன்னும் கரைக்கு வரல, இறங்கக் கூடாது" என்றாள்.

நன்றி சொல்ல இருமுறை படகுத்துறைக்குப் போனேன். இரண்டு முறையும் அவர் வேறு தீவுக்குப் போயிருந்தார். மறுபடியும் போவேன்.