சித்திரையின் ஐந்தாவது செவ்வாய்

பேட்டை வடிவம்மை தியேட்டரில் பதினாறு வருடமாக மேனேஜராக இருக்கும் யூனிஸ் இதுவரை ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. "படம் ஓட்டுத இடத்துல வேலை பாப்பேன், படம் பாக்க மாட்டேன்" என்று வேலைக்குச் சேரும்போது அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அது. சபையில் சிலருக்கு அப்படியும் மனம் ஆறவில்லை. ஞாயிறு ஆராதனையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களே பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நாலு டிக்கெட் எடுத்துவைக்கச் சொல்லி போன் பண்ணுவார்கள். யூனிஸ் எடுத்தும் வைப்பாள்.

படமே பார்க்காத இந்த மனுஷிதான் கோடையில் எந்தப் படம் ஓடும், எது மூன்றாம் நாளே படுத்துக்கொள்ளும் என்று சொல்லுகிறவள். அவளுடைய சோதிடமெல்லாம் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸில் இருந்தது. சித்திரை, வைகாசியில் பேட்டைக்கு மேற்கே பத்தமடை வரைக்கும் ஊருக்கு ஊர் அம்மன் கொடை நடக்கும். செவ்வாய்க்கிழமைதான் கொடை. திங்களும் செவ்வாயும் அந்த ஊர்களிலிருந்து ஒரு ஈ காக்காய் தியேட்டர் பக்கம் வராது. புதன்கிழமை சாயங்காலம் நிலைமை தலைகீழ். கொடைக்காகச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருப்பார்கள், சமைத்து ஓய்ந்த பெண்கள் இன்னொரு வேளை அடுப்படிக்குப் போகமாட்டார்கள், வாசலில் வாடகை வேன் சும்மா நிற்கும். குடும்பத்துக்குப் பதினைந்து பேர் கிளம்பி வருவார்கள். கைக்குழந்தையும் வரும் என்பதால் வெட்டுக்குத்துப் படம் அவர்களுக்கு ஆகாது. எந்த ஊரிலும் காற்று வாங்கும் புதன்கிழமை வடிவம்மையில் மட்டும் நிறைவது இப்படித்தான்.

அவள் சொன்னது பலித்தால் முதலாளி அருணாசலம் நாலு பேர் மத்தியில், "நான் அப்பவே சொன்னேம்லா" என்பார். யூனிஸ் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வயிறு எரியும்தான், ஆனாலும் சிரித்துவைப்பாள்.

இந்த வருடம் முதலாளியின் மருமகன் நமச்சிவாயம் சென்னையிலிருந்து வந்து ஆபீஸ் அறையில் உட்கார்ந்துவிட்டான். டிரெய்லரை எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், முன்பதிவு எப்படி என்று அவனுடைய லேப்டாப் எல்லாம் சொல்லும். மே மாதத்துக்கு இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் கதாநாயகன் ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கிறான். இன்னொன்றில் ஒரு குடும்பம் தொலைந்துபோன ஆட்டைத் தேடி ஊர் ஊராக அலைகிறது. எண்ணூறு பேர் உட்காரும் பெரிய அரங்கம் ஹெலிகாப்டருக்கு என்றான் நமச்சிவாயம். ஆட்டுக்கு என்றாள் யூனிஸ்.

"இந்த ஒரு தடவை உங்க பேச்சுப்படியே போடலாம். தப்பாப் போச்சுன்னா அடுத்த படத்துலேருந்து நான்தான் முடிவு பண்ணுவேன். நீங்க கவுன்ட்டரைப் பாத்துக்கங்க" என்றான்.

முதலாளியும் தலையாட்டினார். யூனிஸுக்குச் சுருக்கென்றது. பதினாறு வருடத்தில் அவள் சம்பாதித்ததாக நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு பேச்சுரிமையைத்தான்.

பெரிய அரங்கம் எதற்கு என்ற முடிவை நமச்சிவாயம் மார்ச் மாதமே கேட்டிருந்தான். கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் நோட்டீஸ் அச்சாகும். அதனால் யூனிஸ் வழக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டாள். மேற்கத்தி ஊர்களில் பாதிக்குமேல் சித்திரைக் கடைசிச் செவ்வாயில்தான் கொடை. மேஜைக்கு எதிரே தொங்கிய சபைக் காலண்டரில், தமிழ் வருடப் பிறப்பிலிருந்து விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணி, நாலாவது செவ்வாயைச் சுற்றி வட்டம் போட்டாள். பிறகு நோட்டீஸ்கள் கட்டாக வந்தபோது பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சொன்னது சொன்னதுதான் என்ற இறுமாப்பு.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிக்கிழமை இரண்டு படமும் வெளியாயின. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சின்ன அரங்கில் இடமில்லாமல் ஹெலிகாப்டர் கூட்டம் திரும்பிப்போனது. பெரிய அரங்கில் ஆடு தனியாக மேய்ந்தது. யூனிஸ் அசரவில்லை. புதன்கிழமை வரட்டும் என்றிருந்தாள். புதன்கிழமையும் வந்தது. ஆறரை மணிக் காட்சிக்கு எண்ணூறு நாற்காலிக்கு முப்பத்தாறு பேர்.

கேன்டீன்காரி வேணி சுடச்சுட இருந்த சமோசாக்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"இம்புட்டு ஏன் போடச் சொன்னியக்கா? ஊருல ஒருத்தரும் அசையமாட்டாவளே."

"ஏட்டி, நேத்து ஒங்கூர்ல கொடை முடிஞ்சிட்டுல்லா?"

"நேத்தா? நேத்துதாங்க்கா பந்தலுக்குக் கால்நாட்டே. கொடை அடுத்த செவ்வா. இந்தச் சித்திரைக்கு அஞ்சு செவ்வா வருதுல்லா!"

யூனிஸ் ஆபீஸ் அறைக்குப் போய் நோட்டீஸ் கட்டைப் பிரித்தாள். மஞ்சள், ரோஸ், பச்சை எல்லாத் தாளிலும் அடுத்த செவ்வாய்தான் இருந்தது. சபைக் காலண்டரில் தமிழ்த் தேதி கிடையாது. சித்திரைக்கு முப்பத்தொரு நாள் என்பது அவளுக்குத் தெரியாததும் இல்லை. மாதத்துக்கு நாலு செவ்வாய்தானே என்று விரல் நாலோடு நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் நமச்சிவாயம் அரங்கத்தை மாற்றத் தயாராக இருந்தான். படங்களை அனுப்பும் மதுரை விநியோகஸ்தர் ஆபீஸில் ஜாபேஸ் பதிலுக்குக் காத்திருந்தான். முதலாளிக்கு யூனிஸைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"விடு யூனிஸ். படம் சரியில்ல, நீ என்ன செய்வ? ஒம்மேல குத்தமில்ல" என்றார்.

தலையை ஆட்டிவிட்டு வெளியே போயிருக்கலாம். பழி ஆட்டின் மேல் போயிருக்கும், பதினாறு வருடப் பேரும் பழுதில்லாமல் இருந்திருக்கும். அந்த ஆசையும் வந்தது, ஒரு நிமிடம் நன்றாகவே வந்தது.

"படத்து மேல குத்தமில்ல அண்ணாச்சி. நாந்தான் செவ்வாயத் தப்பா எண்ணிட்டேன். கொடை அடுத்த வாரம். இன்னும் ஒரு வாரம் ஆட்டுப் படம் பெரிய அரங்கத்துலயே நிக்கட்டும். வாற புதனும் கூட்டம் இல்லைன்னா இந்த நாற்காலிய நானே காலி பண்ணுதேன்."

"செவ்வாய்க்கிழமையை எண்ணத் தெரியாதவங்ககிட்டயா நாம…" என்று நமச்சிவாயம் சிரித்தான்.

முதலாளி அவனைக் கையமர்த்திவிட்டு போனை எடுத்தார். "ஜாபேஸு, படம் ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும்வே. நம்ம யூனிஸ் கணக்குல ஒரு வாரம் பிசகிப்போச்சு. ஆமா, யூனிஸ்தான். படம் எது ஓடும்னு சொல்லுதது எல்லாம் அவதான், பெறகு நானா?" என்றார்.

பதினாறு வருடத்தில் அவர் வாயால் அவளுடைய பெயர் வெளியே போனது அன்றைக்குத்தான், அதுவும் தப்புக்கு. யூனிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை ஐந்து மணிக்கு முதல் வேன் வந்தது. ஆறு மணிக்குள் சைக்கிள் ஸ்டாண்டிலும் வேன்கள்தான். கொடையில் ஊற்றிய மஞ்சள்தண்ணிக் கறை போகாத சட்டையோடு பிள்ளைகள் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டே இறங்கின. பதினேழு டிக்கெட் கொடுங்கள், ஒரே வரிசையில் கொடுங்கள் என்று கவுன்ட்டரில் கூச்சல். வாசலில் ஆள் போதாமல் நமச்சிவாயமே நின்று டிக்கெட் கிழித்தான். வேணியின் சமோசா இடைவேளைக்கு முன்பே தீர்ந்துபோனது. எண்ணூறும் நிறைந்தது. வியாழனும் நிறைந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜாபேஸின் போன் வந்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் அப்பவே…" என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, போனை யூனிஸ் அக்காட்ட குடுங்க. ஜூன்ல ஒரு படம் வருது, அவங்ககிட்டதான் கேக்கணும்" என்றான் ஜாபேஸ்.

முதலாளி ஒரு கணம் போனையே பார்த்தார். பிறகு நீட்டினார். நமச்சிவாயம் எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

சபைக் காலண்டருக்குப் பக்கத்தில் இப்போது தமிழ்த் தேதி போட்ட காலண்டர் ஒன்றும் தொங்கியது. யூனிஸ் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, "ஒரு நிமிசம் இருங்க தம்பி" என்றாள். ஒரு தடவை எண்ணினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.