பேன்ட் அளவும் பின்நவீனத்துவமும்

இன்னிக்குக் காலையில காபியோடவே வாக்குவாதம். நாளைக்கு காலேஜ்ல நான் எடுக்கிற பாடத்தை வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பார்த்தேன்.

"அறிவியலோ ஓவியமோ, தேடினா ஒரே உண்மை பிடிபடும்னு நம்பினது நவீனத்துவம். அது பார்க்கிற ஆளைப் பொறுத்து மாறும்னு சொல்றது பின்நவீனத்துவம்ங்க."

ஆவடி ஃபேக்டரியில உதிரிபாகங்களை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கிற மனுஷன். சிரிச்சார்.

"யார் அளந்தாலும் அளவு ஒண்ணுதாம்மா. மத்ததெல்லாம் வேலை இல்லாதவன் பேச்சு."

சாயங்காலம் அவருக்கு பேன்ட் தைக்கக் கொடுக்கப் போனோம். டெய்லர் இடுப்புல டேப்பைச் சுத்தினார்.

"சார், போன வாட்டிக்கு ரெண்டு இன்ச் ஜாஸ்தியா கீதே."

"நீங்க டேப் பிடிக்கிற விதம் அப்படி மாஸ்டர். அதுவும் இப்பதான் போண்டா சாப்பிட்டேன். அளவெல்லாம் நேரத்துக்கு நேரம் மாறும்."

நான் துணி அலமாரிப் பக்கம் திரும்பிக்கிட்டேன். இல்லன்னா சிரிச்சிடுவேன்.

டெய்லர் நிதானமா சொன்னார்: "பழைய அளவே போட்டுக்கறேன் சார். உள்ள துணி வுட்டு வெக்கிறேன். அப்பால பிரிச்சிக்கலாம்."

திரும்பி வர்ற வழியில, கேக்காமலே எனக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். சூடா நல்லாத்தான் இருந்தது. ஆனா நாளைக்கு வகுப்புல உதாரணம் அவர் இடுப்புதான்.

உங்க வீட்டு இடுப்பு எந்தக் கட்சி?