கரண்ட் போன அந்த மத்தியானம்

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், என் வீட்டுக்காரர் எங்கள் சொந்த வீட்டுக்குள்ளேயே கரண்ட் அடித்துச் சாகக் கிடந்தார். இன்று அவர் உயிரோடு இருப்பது ரேணுகாம்பாள் அம்மன் போட்ட பிச்சை. நம்பாதவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கேற்றுகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் மஞ்சுளா. ஆரணியில் பட்டு நெய்து பிழைக்கிற குடும்பம். முதலாளி கொடுக்கும் பாவு நூலைக் குழித்தறியில் ஏற்றி என் வீட்டுக்காரர் ஏழுமலை நெய்வார். நான் ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பேன். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான். தறிச் சத்தம் பிடிக்கவில்லை என்று காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரம்மாக்களை எல்லாம் பார்த்துவிட்டேன். சொந்தமாக ஒரு வீடு கொடு தாயே என்று நான் கேட்காத வெள்ளிக்கிழமை கிடையாது.

கொடுத்தாள். முள்ளிப்பட்டுக்குப் போகிற வழியில் ஒரு மனை அமைந்தது. பேங்க் லோன் கிடைத்தது. செங்கல், சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி, பத்திரச் செலவு என்று தெரிந்ததை எல்லாம் கணக்குப் போட்டுத்தான் இறங்கினோம். தெரியாதது பின்னாலேயே வரிசையாக வந்தது. பிளான் அப்ரூவலுக்குப் பணம். பள்ளமான மனைக்கு மண் அடிக்கப் பணம். மீட்டருக்கு டெபாசிட். போர் போட, கக்கூஸ் தொட்டி கட்ட. என் கம்மல் போன இடம் அந்தத் தொட்டிதான்.

கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் இரண்டு செலவு மிச்சம் இருந்தது. ஒன்று வாசல் கேட். இன்னொன்று எர்த். வயர்மேன் படித்துப் படித்துச் சொன்னார்.

"அக்கா, எர்த் குழி ஒண்ணு தோண்டிடலாங்க. கரண்ட தானா நிறுத்துற ட்ரிப்பர் ஒண்ணும் மாட்டிடலாம். மோட்டாரு கீட்டாருல கரண்ட் லீக் ஆச்சின்னா மண்ணுல எறங்கிடும். இல்லன்னா ஆளு மேல ஏறும்."

"பல்பு எரியுதில்ல? அப்பால பாத்துக்கலாம்பா" என்றார் இவர். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் கண்ணில் படுவது கேட்தானே. கேட் வாங்கினோம். நல்ல பச்சை நிற கேட். எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்தது. அந்த இடம் முன்பு நெல் வயல். எவ்வளவு மண் அடித்தால் என்ன, கால் வைக்கிற தறிக்குழி அதற்கும் கீழேதானே இருக்கிறது. ஒருநாள் காலையில் பார்த்தால் குழிக்குள் முழங்கால் அளவு ஊற்றுத் தண்ணீர். வாடகை வீட்டில் ஒரு சொட்டு ஊறியதில்லை. பக்கெட்டால் மொண்டு மொண்டு ஊற்றினோம். மறுநாள் அதே அளவு ஊறி நின்றது. தறியில் இருந்ததோ முதலாளியின் கல்யாணப் புடவை. ஈரம் ஏறினால் ஜரிகை கறுத்துவிடும். பேஜாராகிப்போய் இவர் ஒரு பழைய மோட்டாரை வாங்கி வந்து குழியோரம் வைத்தார்.

அன்று மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறைக்க மோட்டார் போட்டிருந்தார். திடீரென்று மாடு முக்குவது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், குழித் தண்ணீரில் நிற்கிறார், வலது கை மோட்டாரோடு ஒட்டிக்கிடக்கிறது. கண் திறந்திருக்கிறது. பேச்சு இல்லை. உடம்பு மட்டும் உதறுகிறது.

பாய்ந்து அவரைப் பிடிக்கப் போனேன். குழம்பு வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பரிமளா அக்கா என் பின்னலைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்.

"தொடாதடி! நீயும் சேந்து ஒட்டிக்குவ! மெயின் எங்கடி இருக்குது?"

மெயின் வாசல் சுவரில், மீட்டர் பெட்டிக்குள். பெட்டிக்குப் பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில். மோட்டார் சுவிட்சோ குழிக்கு அந்தப் பக்கம், ஈரத் தரையைத் தாண்டி. "கட்ட எடுத்தாரேன், இங்கியே நில்லு" என்று அக்கா தன் வீட்டுக்கு ஓடினார்.

நான் தனியாக நின்றேன். தாலி கட்டியவர் கண் முன்னால் சாகிறார், தொடக்கூடாது. அந்த நிலை என் எதிரிக்கும் வேண்டாம். மந்திரமும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. ஈரத் தரையில் விழுந்து கத்தினேன். "தாயே, இந்த ஊட்ட எடுத்துக்கோ! நான்தான கேட்டேன், நீயே எடுத்துக்கோ! அவர உட்டுடு!"

மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. மோட்டார் சத்தம் அடங்கியது. அவர் கை விட்டது. அப்படியே தண்ணீருக்குள் சரிந்தார். எதிர் வீட்டில் ஒருவர், "சீரியல் ஓடிகினு இருக்குது, இப்பப் போயி கரண்ட நிறுத்துறானுங்க பாரு" என்று திட்டுவது கேட்டது. நான் தண்ணீருக்குள் குதித்து அவர் தலையைத் தூக்கிப் பிடித்தேன். கட்டையோடு வந்த பரிமளா அக்கா முதல் வேலையாக பிளக்கைப் பிடுங்கி எறிந்தார்.

ஏதோ கிளை லைன் மேல் விழுந்ததாம். பிறகு சொன்னார்கள். விழட்டும். ஊரெல்லாம் மரங்கள் இருக்கின்றன, மழை மாசம் முழுக்கப் பெய்தது. அந்த நிமிஷம் பார்த்து விழச் சொன்னவள் யார் என்று எனக்குத் தெரியும்.

ஆரணி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தது. வலது கையில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. தறியில் நாடாக் கயிறு இழுக்கிற கை அது. இனி அவரால் நெய்ய முடியாது. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே அவர் அழுததை நான் இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

லோன் கட்ட வழியில்லை. தை மாதம் வீட்டை விற்றோம். வேண்டிக்கொண்டதை அம்மன் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். வாங்கியவர்கள் போளூர்ப் பக்கத்து இளவயசு ஜோடி. அவர்களுக்கும் அதுதான் முதல் வீடு. பொண்ணு மாசமாக இருந்தாள். அட்வான்ஸ் கைக்கு வந்ததும் நான் வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் குழி தோண்டச் சொன்னேன். ட்ரிப்பரும் மாட்டச் சொன்னேன்.

"விக்கிற ஊட்டுக்கு எதுக்குடி செலவு பண்ற?" என்றார் இவர்.

"அந்தப் பொண்ணும் ஈரக் கையோடதான சுவிட்ச் போடும்" என்றேன். அவரே எழுந்து போய், குழி எங்கே தோண்ட வேண்டும் என்று இடது கையால் காட்டினார்.

இப்போது மறுபடியும் வாடகை வீடு. தறியில் நான் உட்காருகிறேன். அவர் ராட்டை சுற்றுகிறார். அவருக்குக் கோபம் அதிகமாகிவிட்டது, எனக்கும்தான். ஆனாலும் தினமும் ராத்திரி சண்டை போட எனக்கு ஒரு ஆள் இருக்கிறார் தாயே என்று கும்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.

வீடு கட்டப் போகிற சகோதரிகளே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். அவளை முழுசாக நம்புங்கள், கூப்பிட்டால் வருவாள், நான் பார்த்தேன். ஆனால் எர்த்தை முதலில் போட்டுவிட்டு, வாசல் கேட்டை அடுத்த வருஷம் வாங்குங்கள். என்னைப் போலத் தரையில் விழுந்து கத்தி அவளைக் கூப்பிடுகிற நிலை உங்களில் ஒருத்திக்கும் வரக்கூடாது. இப்போது என் வேண்டுதல் அது ஒன்றுதான்.